வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்ன பாடம்

தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்றொரு பாடம் இருக்கிறது. உடல் ஏன் மாறுகிறது, குரல் ஏன் உடைகிறது, மாதவிடாய் என்றால் என்ன என்றெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. நெருப்பெரிச்சலில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம், அந்தப் பாடத்தை வகுப்பில் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டோம். முதலில் சிரிப்பு. பிறகு ஒரு பையன் சொன்னான்: "அத வீட்டுல போயி படிச்சுக்கச் சொல்லிட்டாங்கண்ணா."

வீடு என்றால் எது? பத்துக்குப் பத்து லைன் வீடு. அப்பா கட்டிங் டேபிளில், அம்மா செக்கிங்கில். இருவரும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்போது பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். ஒரே அறையில் ஐந்து பேர், வாசலில் எட்டு வீட்டுக்குப் பொதுவாய் ஒரு கழிப்பறை. அந்த வீட்டில் உட்கார்ந்து, இதை யாரிடம் கேட்டுப் படிப்பது?

அதனால் நாங்கள் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்தோம். பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். முதல் வாரத்தில் ஏழெட்டு சீட்டுகள்தான் வந்தன. அடுத்த வாரம் டப்பா நிறைந்தது. 'வெள்ளைப்படுதல் கேன்சரா?' 'கை பழக்கத்தால் ரத்தம் குறையுமா?' 'மாமா முறைக்காரர் தொட்டால் யாரிடம் சொல்வது?' அவற்றில் ஒரு சீட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் நாங்கள் பேசாமல் இருந்தோம். 'வேற ஜாதிப் பொண்ணு என்கூட பேசுனா என்னைக் கொன்னுடுவாங்களா?'

அந்தச் சீட்டை எழுதியவனுக்கு அதிகம் போனால் பதினைந்து வயதிருக்கும். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. இந்தக் கட்டுரை அந்தச் சீட்டுக்கு நாங்கள் எழுதும் பதில். பதில் நீளமாக இருக்கும், ஏனென்றால் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பள்ளி பேசாவிட்டால் யார் பேசுகிறார்கள்?

பாலியல் கல்வி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கைப்பேசி கற்றுத் தருகிறது. பின்னாலேயே சுற்றினால் பெண் மசிந்துவிடுவாள் என்று சினிமா கற்றுத் தருகிறது. இவற்றோடு, கொங்கு மண்டலத்திலும் வட மாவட்டங்களிலும் சாதி அமைப்புகள் தனிப் பாடத்திட்டமே நடத்துகின்றன.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. ஒரு தலித் இளைஞனும் வன்னியப் பெண்ணும் காதலித்து மணந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதையொட்டி 'நாடகக் காதல்' என்ற சொல் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். தோழர்களே, அந்த டி-சர்ட்டைத் தைப்பது நாம். ஓவர்லாக் அடித்து, பிசிறு வெட்டி, பேக்கிங் போட்டு உலகத்துக்கே அனுப்புகிறோம். அதையே நாம் உடுத்தினால் அது குற்றத்தின் சீருடையாகிவிடுகிறது.

2015 ஜூன் 23 அன்று, பொறியியல் படித்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், தன்னோடு படித்த தோழியுடன் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பேசிக்கொண்டிருந்ததற்கே கொலை.

2016 மார்ச் 13. நம் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, நூற்றுக்கணக்கானோர் பார்க்க, குமரலிங்கம் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய இணையர் கௌசல்யா வெட்டுக் காயங்களுடன் பிழைத்தார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

சீட்டு எழுதிய பையன் இந்தச் செய்திகளோடுதான் வளர்ந்தான். யாருடன் பேசலாம், யாரைப் பார்க்கலாம், மீறினால் என்ன நடக்கும் என்பதை அரிவாள் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் பெற்ற 'உறவுக் கல்வி' அதுதான்.

அகமணமே சாதியின் உயிர்

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையை வாசித்தார். அந்த மாணவர்தான் அண்ணல் அம்பேத்கர். அவர் கேட்டது எளிய கேள்வி: ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற விதியை எப்படிக் காப்பாற்றுகிறது? கணவன் இறந்தால் மனைவி 'மிச்சம்'. அவள் வேறு கூட்டத்துக்குள் போய்விடக் கூடாது. ஆகவே அவளை எரிப்பது, அல்லது விதவையாக முடக்குவது. மனைவி இறந்தால் கணவன் 'மிச்சம்'. அவனை எரிக்க மனம் வராது. ஆகவே அவனுக்கு ஒரு சிறுமியைக் கட்டிவைப்பது. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனி மூடப்பழக்கங்கள் அல்ல. அகமணத்தைக் காக்கும் கருவிகள் என்று அண்ணல் நிறுவினார்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தங்கள் உடலைப் பற்றித் தெரியக் கூடாது, துணையைத் தேர்ந்தெடுக்கும் சொல் அவர்கள் வாயில் இருக்கக் கூடாது என்று துடிப்பவர்கள் 'பண்பாடு' என்ற பெயரில் எதைக் காக்கிறார்கள்? சாதி தன் பிறப்பிடத்தைக் காத்துக்கொள்கிறது. உடலைப் பற்றிய அறியாமைதான் சாதிக்கு மதில்சுவர்.

வரலாறு நெடுகிலும் இதைக் காணலாம். கல்கத்தாவில் ஃபுல்மணி தாசி என்ற சிறுமி கணவனின் வன்முறையால் இறந்த பிறகு, 1891ல் ஆங்கில அரசு உடலுறவுக்கான சம்மத வயதை 10லிருந்து 12 ஆக்கியது. வெறும் பன்னிரண்டு. அதற்கே திலகர் போன்றவர்கள் மதத்தில் கைவைக்கிறார்கள் என்று எதிர்த்தார்கள். சாவித்திரிபாய் ஃபுலேவும் ஜோதிராவ் ஃபுலேவும் அதற்கு முன்பே, 1863ல், ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள புனேவில் ஓர் இல்லம் திறந்திருந்தார்கள்.

பக்கத்து ஊரிலிருந்து கிளம்பிய குரல்

'பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு' என்று சொல்பவர்களை நம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்வாக்கில் இருக்கும் ஈரோட்டுக்கு அழைத்துச் செல்வோம். 1925 மே 2 அன்று அங்கே 'குடிஅரசு' பிறந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பிரியும் உரிமை எல்லாவற்றையும் தீர்மானமாக்கியது.

அந்தக் காலத்தில் கருத்தடை பேசியவர்கள் வேறு பலரும் உண்டு. நாட்டில் சோறு போதாது, பெண்ணின் உடல்நலம் கெடுகிறது என்பவை அவர்களுடைய காரணங்கள். பெரியார் அந்தக் காரணங்களை ஒதுக்கிவைத்தார். பெண் சுதந்திரமாக வாழ வேண்டும் என்றால் பிள்ளை பெறுவதும் பெறாததும் அவள் கையில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே காரணம். கற்பு, காதல், மறுமணம், கர்ப்பத்தடை என ஒவ்வொன்றையும் பொதுமேடையில் வைத்து உடைத்தார். 'கர்ப்ப ஆட்சி' என்ற சிறு நூலையும் 'குடிஅரசு' வெளியிட்டது. கருவை ஆளும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை அந்தத் தலைப்பே எழுப்புகிறது. அதைப் படித்தவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் சாதாரண மக்கள்.

இதே திருப்பூரில்தான் 1934ல் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் பெரியாரும் அண்ணாவும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1967ல், அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. புரோகிதர் வேண்டாம், சடங்கு வேண்டாம். இருவர் சம்மதித்தால் போதும். 'சம்மதம்' என்ற சொல் சட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. நம் நெருப்பெரிச்சல் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு தலித் இளைஞனும் அவன் இணையும் பதிவேட்டில் கையெழுத்திடும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

அதே 1934ல் பம்பாயில் இன்னொன்று நடந்தது. நம் இளைஞர்களில் பலருக்கு இது தெரியாது.

கார்வேக்காக வாதாடிய அண்ணல்

ரகுநாத் தோண்டோ கார்வே என்ற கணிதப் பேராசிரியர் 1921ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இதைப் பேசியதற்காகவே வேலையை இழந்தார். 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழை நடத்தினார். கருத்தடை, பால்வினை நோய்கள், பெண்ணின் இன்பம், சுய இன்பம், ஒருபால் ஈர்ப்பு என யாரும் பேசாதவற்றைப் பேசினார். வாசகர்கள் கூச்சத்தோடு எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு அறிவியல்படி பதில் எழுதினார். எங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு மூத்த அண்ணன் அந்தக் கேள்வி-பதில் பகுதி.

அந்தப் பதில்களுக்காக ஆபாச வழக்குப் பாய்ந்தது. 1934ல் கார்வேக்காக நீதிமன்றத்தில் நின்றவர் வழக்கறிஞர் அம்பேத்கர். அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். மகத் குளப் போராட்டம் நடந்து ஏழு ஆண்டுகள். வட்டமேசை மாநாடுகளும் பூனா ஒப்பந்தமும் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நாடே அவரைக் கவனித்துக்கொண்டிருந்த நேரம். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த, ஊரே ஒதுக்கிய ஓர் இதழாசிரியருக்காக 'ஆபாச' வழக்கில் நிற்பதால் அவருக்கு ஓட்டும் வராது, பேரும் வராது. இருந்தும் நின்றார். பாலியல் பற்றி எழுதுவதாலேயே எழுத்து ஆபாசம் ஆகிவிடாது என்று வாதிட்டார். மக்கள் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், தெரிந்தவர் பதில் சொல்கிறார், இதில் குற்றம் எங்கே என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். வழக்குத் தோற்றது. கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இதழ் நிற்கவில்லை. 1953ல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டிருந்தது.

அண்ணலும் அத்தோடு விடவில்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்கான வசதிகளை அரசு செய்துதர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோஹம் அதை முன்வைத்தார். தீர்மானம் தோற்றது. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் ஆயிரக்கணக்கான தலித் பெண்கள் கூடிய மாநாட்டில் அண்ணல் அவர்களிடம் நேராகவே சொன்னார்: பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மணம் முடிக்காதீர்கள், அதிகப் பிள்ளைகள் பெறாதீர்கள், மணமான பெண் கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கே போகாத பெண்களுக்கு நடந்த உறவுக் கல்வி வகுப்பு அது.

மூன்று தவறான வாசல்கள்

விடுதலைக்குப் பிறகு என்ன ஆயிற்று? இந்தப் பாடம் அரசின் கைக்குப் போனது. போனதும் அதன் நோக்கமே மாறிப்போனது. பள்ளிக்குள் இது மூன்று வாசல்கள் வழியாக நுழைந்தது. மூன்றிலும் பிள்ளையின் உரிமை இல்லை.

முதல் வாசல், மக்கள்தொகை. 1952ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. பெண்ணின் விடுதலைக்காகப் பெரியார் கேட்டதை, தலைகளை எண்ணிக் குறைக்கும் வேலையாக்கினார்கள். சிவப்பு முக்கோணம் சுவரெங்கும் ஏறியது. 1975-77 நெருக்கடி நிலையில் இலக்கு வைத்து ஆள் பிடித்து அறுவை செய்தார்கள். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். இந்தப் பின்னணியில்தான் 1980ல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, 'நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்' என்ற செய்தி.

இரண்டாம் வாசல், நோய். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன் பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டங்கள் பள்ளிக்குள் வந்தன. அவை உயிர்களைக் காத்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறையே உடல் என்றால் நோய், உறவு என்றால் சாவு என்று படித்துக்கொண்டது.

2005ல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. படங்கள் ஆபாசம், பண்பாடு கெடும் என்று கூச்சல் கிளம்பியது. 2007ல் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. 2009ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்விக்கு இடமே கூடாது என்று அறிக்கை தந்தது. அதற்குப் பதிலாக மகான்கள், துறவிகள், விடுதலை வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னது. இதைப் படிக்கும்போது இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். அதே 2007ல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒருவகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல். பண்பாடு எங்கே கெட்டுக்கொண்டிருந்தது?

மூன்றாம் வாசல், குற்றம். 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேவையான சட்டம். நம் பெண் குழந்தைகள்மேல் கைவைத்துவிட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துக்கொண்ட ஆதிக்கசாதி ஆட்களுக்கு எதிராக நமக்குக் கிடைத்த ஆயுதம் அது. ஆனால் அதே சட்டம் சம்மத வயதை 16லிருந்து 18 ஆக்கியது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பினால், பையன் குற்றவாளி. பெண்ணின் வீட்டார் ஆதிக்கசாதி, பையன் தலித் என்றால், அரிவாளோடு இன்னொரு கருவியும் வீட்டார் கைக்கு வந்துவிடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டது. 2019ல் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டோரின் சம்மத உறவைப் பற்றிச் சட்டத் திருத்தம் யோசிக்கச் சொன்னார். 2021 ஜனவரியில் ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலைய வழக்கு ஒன்றை ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கம் அல்ல என்றார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர், இத்தகைய காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: வயதைப் பொத்தாம்பொதுவாகக் குறைப்பது நம் பெண் குழந்தைகளை வேட்டையாடுபவர்களுக்குச் சாதகமாகிவிடும். வயதில் நெருக்கமான இருவருக்கு மட்டும் விலக்கு வேண்டும். கூடவே, சம்மதம் என்றால் என்ன என்று காவல் நிலையத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டும்.

2013ல் நீதிபதி வர்மா குழு பள்ளியில் பாலியல் கல்வி வேண்டும் என்றது. 2019ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையின் வரைவில் சம்மதம், சீண்டல் பற்றிய பாடம் இடம்பெற்றது. 2020ல் வந்த இறுதிக் கொள்கையில் அது காணாமல் போனது. 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், பாலியல் கல்வியை மேற்கத்தியம் என்று ஒதுக்குவது தவறு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தீர்ப்புகள் வருகின்றன. டீச்சர் இன்னும் 'வீட்டில் படித்துக்கொள்' என்றுதான் சொல்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கும் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

கம்பெனி வாசலில் தொடரும் பாடம்

பள்ளி கைவிட்ட பெண் எங்கே போகிறாள்? நம் ஊரில் இதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். பஞ்சாலைக்கு, பனியன் கம்பெனிக்கு.

'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். மணமாகாத பெண் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் அடைந்து வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு. 2011ல் வெளியான 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பதையும் சொன்னது. 'உங்கள் பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்று பெற்றோரிடம் தரகர் சொல்லும் சொல்லில் அகமணமும் முதலாளியமும் கைகுலுக்கிக்கொள்கின்றன. பெண்ணின் கன்னிமைக்கு உத்தரவாதம் கொடுத்து அவள் உழைப்பை மலிவாக வாங்குகிறார்கள்.

2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளர் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசியது. மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரை கொடுத்துத் தையல் மெஷினிலேயே உட்காரவைத்ததை அவர்கள் சொன்னார்கள். என்ன மாத்திரை என்று கேட்கத் தெரிந்திருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கும் பழக்கம் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போனபோதே பறிபோனது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீது வழக்குப் பதிவானது. அந்தச் சாவுக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலினத்தின் பேராலும் சாதியின் பேராலும் நடக்கும் வன்முறையை எதிர்த்து ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் கண்காணிக்கவும் புகார் செய்யவும் வழி செய்யும் ஒப்பந்தம் அது. எது சீண்டல், எப்படி மறுப்பது, யாரிடம் சொல்வது என்று அங்கே பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். பதின்மூன்று வயதில் கிடைத்திருக்க வேண்டியதை ஓர் உயிரைக் கொடுத்துப் பெற்றிருக்கிறோம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

எதிர்ப்பு ஆதிக்கசாதியிடமிருந்து மட்டும் வரவில்லை. நாங்கள் டப்பா வைத்த மூன்றாம் வாரம் ஓர் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் செய்யறீங்க கண்ணு. இதெல்லாம் தெரிஞ்சா எம் புள்ள லவ்வு கிவ்வுன்னு போயிருவான். அவங்க வீட்டுப் பையன் போனா திட்டுவாங்க. எம் பையன் போனா பொணமாத்தான் வருவான்."

அந்த அம்மாவிடம் எளிதான பதில் சொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. அவர் பயம் நியாயமானது. பத்திரிகைச் செய்திகள் அவர் பக்கம் நிற்கின்றன. ஆனால் தெரியாமல் இருப்பது அவனைக் காப்பாற்றுமா என்று அவரோடு உட்கார்ந்து யோசித்தோம். யுனெஸ்கோ 2018ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவுக்குள் தள்ளுவதில்லை. தள்ளிப்போடவே உதவுகிறது என்கிறது. அதைவிட அவருக்குப் புரிந்தது வேறொன்று. காதல் வயதில் வரும். அதை யாரும் பாடம் நடத்தி வரவழைப்பதில்லை. வந்த பிறகு எங்கே போவது, சட்டம் என்ன சொல்கிறது, மிரட்டினால் யாரிடம் சொல்வது என்று தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவன் அர்த்த ராத்திரியில் பஸ் ஏறுவான். அவர் டப்பாவை எடுக்கச் சொல்லவில்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனியா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சுக்குப் பின் நாங்கள் எங்களையும் கேட்டுக்கொண்டோம். நம் இயக்க மேடைகளில் சாதி ஒழிப்பு பேசும் ஆண்கள், தங்கள் தங்கை யாரை விரும்புகிறாள் என்று தெரிந்தால் என்ன செய்கிறோம்? நம் சேரிக்குள்ளேயே குழந்தை மணம் இல்லையா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன் மணம் முடிக்கப்பட்டவர்கள். எட்டில் ஒருவர். அந்த எட்டில் ஒருத்தி நம் தெருவிலும் இருக்கிறாள். பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கக் கற்காத தலித் இளைஞன், மனுவின் சட்டத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு நீலக்கொடி பிடிக்கிறான். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நாம் கேட்பது

நமக்கு வேண்டியது நான்காவது வாசல். உரிமையின் வாசல். பெரியாரும் அண்ணலும் திறந்துவைத்ததை நாம்தான் மறுபடி திறக்க வேண்டும்.

இருக்கும் பாடத்தை முதலில் நடத்தட்டும். ஆண்களையும் பெண்களையும் உட்காரவைத்து நடத்தட்டும். ஆசிரியர்களுக்கு அதற்குப் பயிற்சி கொடுக்கட்டும். உடலோடு நிறுத்தாமல் சம்மதம், மறுப்பு, நட்பு, பிரிவு, மிரட்டல் ஆகியவையும் வகுப்புக்கு வரட்டும். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களையும் மனத்தில் வைத்துப் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாடத்தில் சாதி என்ற சொல் இருக்க வேண்டும். 2023 நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கையில் கட்டிய கயிற்றை அறுக்கலாம். யாரோடு பேசலாம், யாரைக் காதலிக்கலாம் என்று மனத்தில் கட்டிய கயிற்றை அறுக்க வகுப்பறை வேண்டும். சாதியைப் பேசாத பாலியல் கல்வி, நம் ஊர்ப் பிள்ளைக்குப் பாதிக் கல்விதான்.

படிக்கும் தோழர்களே, நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தம்பி தங்கையிடம் அந்தப் பாடம் நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரோடு போய்க் கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளி மாணவர்களுக்கான உதவி எண். இரண்டையும் உங்கள் தெருச் சுவரில் எழுதுங்கள். உங்கள் படிப்பு வட்டத்திலும் ஒரு டப்பா வையுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த மருத்துவரையோ வழக்கறிஞரையோ அழைத்து வாருங்கள்.

இனி அந்தச் சீட்டை எழுதிய தம்பிக்கு.

உன் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்ல மாட்டோம். இந்த மாவட்டத்தில் கொன்றிருக்கிறார்கள். ஆனால் நீ பேசியது குற்றமில்லை. உன்னோடு பேசியவள் செய்ததும் குற்றமில்லை. கொலை செய்பவன்தான் குற்றவாளி. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் தாமே தேர்ந்துகொள்ளும் திருமணத்தில் குறுக்கிட ஊருக்கும் சாதிக்கும் உரிமையில்லை என்றும், மிரட்டல் வந்தால் காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நீ இப்போது படி. பேசு, மரியாதையோடு பேசு. அவள் வேண்டாம் என்றால் விலகு. யாராவது மிரட்டினால் அன்றைக்கே எங்களிடம் வா, ராத்திரி ஆனாலும் வா. தனியாக எங்கும் ஓடாதே.

டப்பா அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த சீட்டைப் போடு.

ஜெய்பீம்.